இரண்டாம் முறை வந்த திருத்தம்

"திராட்சையைக் கெடுத்தது யாருன்னு கேட்டா கம்ப்யூட்டரைக் காட்டுறாகளாம் சார்," என்றாள் முனீஸ்வரி, படி ஏறிக்கொண்டே. "இத்தனை நாளா மாப்பிள்ளை குடிப்பாரான்னு விசாரிச்சோம். இனிமே மெஷின் குடிக்குமான்னு விசாரிக்க வேண்டியதுதான்."

துப்பறிவாளர் ஈஸ்வரபாண்டி பதில் சொல்லவில்லை. படி ஏறும்போது பேசுவதில்லை என்பது அவர் கொள்கை. மூச்சு வாங்குவது வெளியே தெரியக்கூடாது என்பது அதன் காரணம்.

சின்னமனூர் மெயின் ரோட்டில், பைப் கடைக்கு மேல்மாடியில் இருந்தது 'பருவக்காற்று சொல்யூஷன்ஸ்'. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைக்கும் கோல்ட் ஸ்டோரேஜ்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் கம்பெனி. போன வாரம் கூடலூரில் கோட்டைச்சாமி என்பவரின் கோல்ட் ஸ்டோரேஜில் கம்ப்ரசர் நின்றுபோனது. அறை சூடேறியது. உடனே போன் போட்டு எழுப்ப வேண்டிய சாஃப்ட்வேர் வாயே திறக்கவில்லை. குமுளி தாண்டிப் போக வேண்டிய பன்னீர் திராட்சை மொத்தமும், கதவைத் திறந்தபோது புளித்த வாடையோடு ஒழுகிக்கொண்டிருந்தது.

கம்பெனி முதலாளி நாகராஜ் ஏசி அறையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"பாஜிலான்னு ஒரு பொண்ணு இங்கன வேலை பாக்குது. அறை சூடானா போன் அடிக்கிற மாதிரி அலாரம் எழுதச் சொன்னேன். எழுதிட்டேன்னு சொல்லுச்சு. ஆனா எழுதவே இல்லை. போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ சொல்லித்தான் இந்த வேலை நடந்திருக்கு. அது எவன்னு நீங்க கண்டுபிடிச்சாப் போதும். சாயங்காலம் கோட்டைச்சாமி மாமா வர்றாக. என் மாமனாருக்குப் பங்காளி. அவுக முன்னாடி இன்னாருதான்னு கையைக் காட்டணும். காட்டிட்டு, பொண்ணை வெளிய அனுப்பிட்டு, போலீஸ்ல ஒரு கம்ப்ளெய்ண்டும் குடுத்துருவேன்."

"எழுதலைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஈஸ்வரபாண்டி.

"எவரு என்னைக்கு எந்த வரியை மாத்துனாருன்னு மெஷின்ல பதிவாகும்ல? அந்த வாரம் முழுக்க அவ பேர்ல ஒரே ஒரு மாத்தம்தான் இருக்கு. ஒரு பட்டனைப் பச்சையாக்கி இருக்கா."

"நல்ல பச்சையா சார்?" என்றாள் முனீஸ்வரி.

நாகராஜ் அவளை அப்போதுதான் பார்த்தார். பார்த்துவிட்டு ஈஸ்வரபாண்டியிடமே பேசினார்.

"கல்யாண விசாரணையில உங்களை அடிச்சுக்க ஆளில்லைன்னு தேனியில சொன்னாக. அதான் கூப்பிட்டேன்."

கம்ப்யூட்டர் தில்லுமுல்லைப் பிடிக்க மாப்பிள்ளை விசாரிக்கிறவரைக் கூப்பிடுவானேன் என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது. பல்வலிக்குக் கொத்தனாரைக் கூப்பிடுவதுபோல் இருந்தது அது. ஆனால் வந்த கிராக்கியை வாசலிலேயே விரட்டக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் பி.சி.ஏ. படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவள். இங்கே அவள் உதவியாளர். ஈஸ்வரபாண்டிக்கு அவள் உதவி எந்த அளவுக்குத் தேவை என்பது இருவருக்கும் தெரியும், அவர் ஒப்புக்கொள்வதில்லை.

பாஜிலா கடைசி மேஜையில் இருந்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி அழாமல் இருக்க எதையாவது டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினேன்கா," என்றாள் முனீஸ்வரியிடம். "என் மெஷின்ல பழைய காப்பி அப்படியே இருக்கு. சார்கிட்டயும் காமிச்சேன். திராட்சை கெட்ட பிறகு எழுதி, தேதியைப் பின்னுக்குத் தள்ளிட்டேன்னு சொல்றாக."

"தேதியைத் தள்ள முடியுமா?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"தாராளமா சார். ஜாதகத்துல தள்றதில்லையா?" என்றாள் முனீஸ்வரி.

"அப்ப தேதி சாட்சி இல்லை. வேற சொல்லும்மா."

"வேலை போறது கூட இருக்கட்டும் சார்," என்றாள் பாஜிலா. குரல் இறங்கியது. "பொய் சொன்ன பொண்ணுன்னு கம்ப்ளெய்ண்ட் ஆயிருச்சுன்னா அப்புறம் எந்தக் கம்பெனியில என்னை உள்ள விடுவாக? உத்தமபாளையத்துல எங்க அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஈஸ்வரபாண்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லு."

"சனிக்கிழமைக்கு முந்தியே என் கிளையில எழுதி முடிச்சுட்டேன். மூணு திருத்தம். மொதல்ல அலாரம். ரெண்டாவது, அதே அலாரம் மலையாளத்துலயும் பேசுறது. கூடலூர்ல டிரைவருங்க பாதிப் பேரு அந்தப் பக்கத்து ஆளுங்கல்ல? மூணாவது அந்தப் பச்சைப் பட்டன். திங்கக்கிழமை வந்து மூணையும் மெயின் மேல ரீபேஸ் பண்ணினேன்."

ஈஸ்வரபாண்டி கையை உயர்த்தினார். முனீஸ்வரி புரிந்துகொண்டாள்.

"மெயின்னா கம்பெனியோட பொதுப் பிரதி சார். கோல்ட் ஸ்டோரேஜுக்குப் போறது அதுதான். இந்தப் பொண்ணு தனியா ஒரு காப்பி எடுத்து, அதைத்தான் கிளைங்கிறாக, அதுல தன் திருத்தங்களை எழுதிருக்கு. அதுக்குள்ள மத்தவுக கை பட்டு மெயின் மாறியிருக்கும். அதனால இவ திருத்தங்களை உருவி எடுத்து, இன்னைக்கு இருக்கிற மெயின் மேல ஒண்ணொண்ணா திரும்ப வைக்கணும். அதுதான் ரீபேஸ். வைக்கிறது மெஷின். ரெண்டு பேரு ஒரே இடத்துல கை வச்சிருந்தா மட்டும் மெஷின் நின்னு, 'யாரு எழுதினதை வச்சுக்க?'ன்னு கேக்கும்."

"கேட்டுச்சா?"

பாஜிலா தலையைக் குனிந்தாள். "மொதல் திருத்தத்துக்குக் கேக்கலை. ரெண்டாவதுக்கு நின்னுச்சு. மெயின் பக்கம் அந்த இடம் காலியா இருந்துச்சு. என் பக்கம் அலாரம் வரிகள் இருந்துச்சு. யாரோ அந்தப் பகுதியை வேற ஃபைலுக்கு மாத்திட்டாகன்னு நினைச்சேன். இங்கன ஒரு சட்டம் இருக்கு சார்." சுவரைக் காட்டினாள். 'முட்டினால் மெயினே சரி' என்று லேமினேட் செய்து ஒட்டியிருந்தது. கீழே நாகராஜ் கையெழுத்து. "மெயின்ல இருந்ததையே வச்சுக்கிட்டேன். ரெண்டாவது திருத்தம் காலியாயிருச்சு. பட்டன் மட்டும் போய்ச் சேந்துச்சு."

"சரி, ரெண்டாவது போன வழி தெரிஞ்சது," என்றார் ஈஸ்வரபாண்டி. "மொதல் திருத்தம் எங்க போச்சு? கேக்கவும் இல்லை, சேரவும் இல்லை. நடுவுல மாயமாயிருச்சா?"

"அதான் சார் எனக்கும் தெரியலை."

முனீஸ்வரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பாஜிலாவின் பழைய கிளைக்கு ஒரு நகல் எடுத்து, திங்கட்கிழமை மெயின் எப்படி இருந்ததோ அதன்மேல் மறுபடி ரீபேஸ் கொடுத்தாள். திரையில் எழுத்துகள் ஓடின. ஓடிய வேகத்தில் எவரும் படிக்க மாட்டார்கள். முனீஸ்வரி மேலே தள்ளிப் போய்ப் படித்தாள். அங்கே ஒரு மஞ்சள் வரி இருந்தது.

"சார், மெஷின் தொலைக்கலை. அதுவே சொல்லிருக்கு. 'ஏற்கெனவே சேர்ந்துவிட்ட திருத்தம், ஆகவே தாண்டிவிட்டேன்'னு."

"அப்படின்னா?"

"இதே திருத்தம் மெயின்ல முன்னாடியே வந்திருக்கு. பேரு, தேதி எதையும் மெஷின் பாக்காது. என்ன வரி சேந்துச்சு, என்ன வரி போச்சு, அவ்வளவுதான் பாக்கும். வரிக்கு வரி ஒண்ணா இருந்தா டூப்ளிகேட்னு சத்தமில்லாம ஒதுக்கிரும்."

"முன்னாடியே வந்திருந்தா போன் அடிச்சிருக்கணுமே?"

முனீஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடினாள். அபூர்வமான காட்சி. ஈஸ்வரபாண்டி அதை நிதானமாக ரசித்தார்.

மெயின் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டியபோது விஷயம் கிடைத்தது. சனிக்கிழமை, அலாரம் சேர்க்கப்பட்டது. சேர்த்தவர் விஜய்பாண்டி. ஞாயிற்றுக்கிழமை, அந்த அலாரம் அப்படியே திரும்ப எடுக்கப்பட்டது. எடுத்தவர் பெயர் 'ஆபீஸ்'.

"ஆபீஸ்ங்கிறது யாரு?"

"எல்லாரும்தான் சார்," என்றாள் பாஜிலா. "அந்த பாஸ்வேர்டு ரவுட்டருக்கு அடியில ஒட்டிருக்கு. டீ கொண்டு வர்றவருக்கே தெரியும்."

முனீஸ்வரி மெதுவாக விசிலடித்தாள். "புரிஞ்சிருச்சு சார். பந்தியில உக்காந்தவனை, இலையில கை வைக்கிறதுக்குள்ள எழுப்பி விட்டாச்சு. அவன் அடுத்த பந்திக்கு வந்து நிக்கிறான். வாசல்ல நிக்கிறவன், 'நீதான் ஏற்கெனவே உள்ள போனியே'ன்னு விரட்டிட்டான். மெஷினு உள்ள வந்ததை மட்டும் பாத்துச்சு, வெளிய போனதைப் பாக்கலை. அதனால இந்தப் பொண்ணோட திருத்தத்தைத் தாண்டிருச்சு."

பாஜிலாவின் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. "ஆனா விஜய்பாண்டி அண்ணன் சனிக்கிழமையே போட்டிருக்காரு. நான்தான் அவரைப் பாத்து எழுதினேன்னு சொல்லிருவாகளே?"

அதையேதான் விஜய்பாண்டி சொன்னான். கீழே டீக்கடையில் பஜ்ஜியோடு பிடித்தார்கள். தாடி வைத்த சீனியர். கம்பெனியில் நாகராஜுக்கு அடுத்த குரல் அவனுடையது.

"என் பேர்ல இருக்குன்னா நான் எழுதினதுதான? அவதான் என்னைப் பாத்து எழுதி, தேதியை மாத்திருக்கா."

"ஆமா, அப்படியும் இருக்கலாம்," என்றார் ஈஸ்வரபாண்டி, சாதுவாக. "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அறை சூடானா இந்த அலாரம் யாருக்குப் போன் போடும்?"

"நாகராஜ் சாருக்கு."

"அவரு எடுக்கலைன்னா?"

"ரெண்டாவதா ஒரு நம்பர் இருக்கு. அதுக்குப் போகும்."

"அது யாரு நம்பர்?"

விஜய்பாண்டி பஜ்ஜியை மென்றான். தேவைக்கு மேலேயே மென்றான். "கூடலூர் வாட்ச்மேன்."

அலாரம் வரிகளில் இருந்த அந்த நம்பரை முனீஸ்வரி மாடியிலேயே தன் போனில் ஏற்றி வைத்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு அழுத்தினாள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். "நைட்டியா? விலையெல்லாம் போன்ல சொல்ல முடியாதும்மா, கடைக்கு வந்து துணியைத் தொட்டுப் பாரு."

"கடை எங்கன இருக்குங்க?"

"உத்தமபாளையத்துல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. அம்சத் பீவி கடைன்னு கேளு."

முனீஸ்வரி போனை வைத்தாள். "வாட்ச்மேன் சைடுல நைட்டி விக்கிறாரு சார்."

விஜய்பாண்டியின் தாடி இருந்தபடியே இருந்தது. அதற்குள் இருந்த முகம்தான் சுருங்கிவிட்டது. பாஜிலா சோதனைக்காகத் தன் அம்மாவின் நம்பரைப் போட்டு வைத்திருந்தாள். எழுதுகிற எல்லோரும் செய்வதுதான், கடைசியில் மாற்றிவிடுவார்கள். எழுதாமல் எடுத்தவனுக்கு மாற்ற வேண்டும் என்றே தெரியவில்லை.

"சார்தான் சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வேணும்னு குதிச்சாரு," என்றான் கடைசியில். "கோட்டைச்சாமி அண்ணனுக்கு ஓட்டிக் காட்டணுமாம். அவ கிளையில இருந்து எடுத்து என் பேர்ல போட்டேன். நானே எழுதினேன்னு சார்கிட்ட சொன்னேன். தப்புதான். ஆனா ஞாயித்துக்கிழமை அதை எடுத்தது நான் இல்லைங்க. போட்டுப் பேரு வாங்கினவன் நானே எதுக்கு எடுப்பேன்?"

நியாயமான கேள்வி. திருடனிடமிருந்து வந்தாலும் நியாயம் நியாயம்தான்.

"உத்தமபாளையம் போவோம்," என்றார் ஈஸ்வரபாண்டி.

"போன்லயே கேட்டுறலாமே சார்?"

"மகளைப் பத்தித் துப்பறிவாளர் பேசுறேன்னு போன்ல சொன்னா எந்தத் தாய்க்கும் கை காலு ஓடாது முனீஸ். நேர்ல போனா நைட்டி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே கேக்கலாம்."

முனீஸ்வரிக்கு அவரைக் கிண்டல் செய்யப் பல காரணங்கள் உண்டு. அவரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு இப்படி ஒன்றிரண்டு காரணங்களும் உண்டு.

அம்சத் பீவியின் கடை ஓர் ஆள் நிற்க மற்றவர் வெளியேற வேண்டிய அளவில் இருந்தது. ஈஸ்வரபாண்டி வெளியே நின்றார். முனீஸ்வரி மூன்று நைட்டிகளைப் பிரித்துப் போட்டு, பேச்சைப் போன் தொல்லை பக்கம் திருப்பினாள். அம்சத் பீவிக்கு அது பிடித்த விஷயமாக இருந்தது.

"அதை ஏன்மா கேக்குற. போன வாரம் ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு பொண்ணு. 'அறை சூடாகிறது, அறை சூடாகிறது'ங்குது. கரண்டு போன நேரம். எனக்கும் இங்கன வேர்த்து ஊத்துதுன்னு சொன்னேன். வச்சிருச்சு. மறுபடி கூப்பிடுது, அதையே சொல்லுது. உன் பேரு என்னத்தான்னு கேட்டேன், சொல்லலை. லோன் வேணுமான்னு கேப்பாகள்ல, அது மாதிரி இது என்னமோ புது தினுசு போலன்னு நினைச்சேன்."

"அப்புறமும் வந்துச்சா?"

"சோறு தின்னு கை கழுவுறதுக்குள்ள நின்னு போச்சு. அதுக்கப்புறம் வரவே இல்லை." அம்சத் பீவி நைட்டியை மடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். வெளியே நின்றவரைப் பார்த்தாள். "நீங்க துணி வாங்க வந்த ஆளு மாதிரி தெரியலையே. பாஜிலாவைப் பொண்ணு கேட்டு யாரும் விசாரிக்கச் சொன்னாகளா?"

"விசாரணைதான்மா. ஆனா மாப்பிள்ளை வீடு இல்லை," என்றாள் முனீஸ்வரி. சொன்ன பிறகு ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. "பாஜிலா பொய் சொல்லுமா?"

"பொய்யா?" அம்சத் பீவி சிரித்தாள். "அது பொய் சொல்லக் கத்துக்கிச்சுன்னா எனக்குப் பாதிக் கவலை தீந்துரும். உள்ளதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரவுகளை எல்லாம் பகைச்சு வச்சிருக்கு."

முனீஸ்வரி ஒரு நைட்டி வாங்கிக்கொண்டாள். அளவு பெரிது. பரவாயில்லை என்று தோன்றியது.

காரில் திரும்பும்போது திராட்சைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஓடின. ஈஸ்வரபாண்டி ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்: "ரெண்டாவது நம்பருக்கு எப்பப் போகும்?"

"மொதல் நம்பர்காரர் எடுக்காதப்ப."

"அப்ப அம்சத் பீவிக்கு அடிச்ச ஒவ்வொரு தடவையும்..."

"அதுக்கு முன்னாடி நாகராஜ் சாருக்கு அடிச்சிருக்கு. எடுக்கலை. எடுக்கலை. கடைசியில..." முனீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு அலாரத்தை நிறுத்தணும்னு யாருக்குத் தோணும்? அது யாரு காதுல கத்துதோ அவருக்குத்தான். ஆனா சார், நமக்கு வேலை குடுத்ததே அவருதானே?"

"அதனாலதான் கல்யாண விசாரணைக்காரனாப் பாத்துக் குடுத்தாரு," என்றார் ஈஸ்வரபாண்டி. கொஞ்சம் புண்பட்டிருந்தார் என்பது குரலில் தெரிந்தது.

பாஜிலாவும் விஜய்பாண்டியும் உட்கார்ந்திருந்த ஏசி அறைக்குள் இருவரும் நுழைந்ததும் நாகராஜ் எழுந்தார். "எவன்னு தெரிஞ்சதா? மாமா கிளம்பிட்டாக, வந்துருவாக."

"ஞாயித்துக்கிழமை மதியம் நீங்க எங்கன இருந்தீக?"

"கோம்பையில. மச்சினன் பிள்ளைக்குக் காது குத்து. கெடா விருந்து. ஏன்?"

"போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சோ?"

நாகராஜ் பாஜிலாவைப் பார்த்தார், விஜய்பாண்டியைப் பார்த்தார், பிறகு தன் போனையே ஏதோ துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கூடலூர்ல லோடு ஏத்திக்கிட்டு இருந்தாக," என்றார். "கதவு திறந்து திறந்து மூடும்ல, அதுக்கெல்லாம் அலறுது. பந்தியில உக்காந்திருக்கேன், கையெல்லாம் குழம்பு. இடது கையாலயே 'ஆபீஸ்' பேர்ல நம்ம சைட்டுக்குள்ள போயி, சேத்ததைத் திரும்ப எடுக்கிற ரிவர்ட் பட்டனை அமுக்கி விட்டேன். இதுல என்ன பெரிய குத்தம்? திங்கக்கிழமைதான் பாஜிலாவோட ஒரிஜினல் வருதே, அதோட வரட்டும்னு விட்டேன். அவ கொண்டு வரலை!"

முனீஸ்வரி ஈஸ்வரபாண்டியைப் பார்த்தாள். அவர் நாகராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாப்பிள்ளைக்கு இரண்டாவது குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்த முகத்தோடு.

"பாஜிலாவோட ஒரிஜினலா? அலாரத்தை விஜய்பாண்டி எழுதினதாத்தான உங்ககிட்ட சொன்னாரு?"

"அவனுக்கு அலாரம் எழுத வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று வெடித்தார் நாகராஜ். வெடித்த பிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது.

"அப்ப பாஜிலா எழுதினது உங்களுக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்," என்றார் ஈஸ்வரபாண்டி. "காலையில எங்ககிட்ட, 'எழுதவே இல்லை'ன்னு சொன்னீக."

நாகராஜ் உட்கார்ந்தார். "மாமாவுக்கு நான் யாரையாவது காட்டணும்ல சார்?" என்றார். அந்தக் குரலில் வெட்கம்கூட இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பையே அழிக்க, மாமனாரின் பங்காளியிடம் உள்ள பயம் போதுமாக இருந்திருக்கிறது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டையும் அகலமான உடம்புமாகக் கோட்டைச்சாமி உள்ளே வந்தார்.

"என்ன மாப்ளே, ஆளு சிக்கிருச்சா?"

நாகராஜ் ஈஸ்வரபாண்டியைக் கெஞ்சலாகப் பார்த்தார். ஈஸ்வரபாண்டி கைகளைக் கட்டிக்கொண்டார். "நான் கண்டதை எனக்கு வேலை குடுத்தவருகிட்ட சொல்லிட்டேன் ஐயா. உங்ககிட்ட சொல்ல வேண்டியது அவரு."

"அது வந்து மாமா... சிஸ்டம் மிஸ்டேக்."

"சிஸ்டம் எந்த ஊரு ஆளு?" என்றார் கோட்டைச்சாமி. "கெட்டது என் திராட்சை. ஆளைக் காட்டு."

யாரும் எதிர்பாராமல் பாஜிலா எழுந்தாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணினேன்ணே. அலாரத்தை நான் எழுதி முடிச்சுட்டேன். மெயின்ல சேக்கும்போது மெஷின் எச்சரிச்சுச்சு, நான் படிக்கலை. ஒரு இடத்துல நின்னு, எது சரின்னு கேட்டுச்சு. ஏன் காலியா இருக்குன்னு நானும் கேட்டிருக்கணும். கேக்காம சட்டப்படி செஞ்சுட்டேன்."

அம்சத் பீவி சொன்னது சரிதான். இந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. வராததோடு நிறுத்திக்கொள்ளவும் தெரியாது.

"பாத்தீகளா மாமா!" நாகராஜ் துள்ளி எழுந்தார். "அவளே ஒத்துக்கிட்டா!"

அந்தச் சொல்லுக்குப் பிறகு அறையில் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. விஜய்பாண்டி தொண்டையைச் செருமினான். இத்தனை காலம் நாகராஜ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன்.

"அவ சொன்னது கடைசித் தப்புண்ணே. மொதல் தப்பு என்னுது. அவ எழுதினதைத் திருடி என் பேர்ல சனிக்கிழமை போட்டேன். நடுவுல ஞாயித்துக்கிழமை கோம்பையில ஒரு பந்தியில உக்காந்து அதை எடுத்து விட்டாக ஒருத்தரு. எடுத்துட்டு யாருகிட்டயும் சொல்லலை. ஏற்கெனவே வந்து போனதுன்னு மெஷின், திங்கக்கிழமை இவளோடதை ஒதுக்கிருச்சு. அதான் ரூம் சூடான அன்னைக்கு யாரு போனும் அடிக்கலை."

கோட்டைச்சாமி பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பவர்போல் இருந்தார்.

"கோம்பையில, காது குத்துலயா?"

"ஆமா மாமா."

"உன் பக்கத்து இலையில நான்தான இருந்தேன்?"

நாகராஜ் தலையை மட்டும் அசைத்தார்.

"உன் போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நல்லி எலும்பு வச்ச நேரம். 'அந்தச் சனியனை அணைச்சுட்டு சாப்பிடு மாப்ளே'ன்னு சொன்னது யாரு?"

"நீங்கதான் மாமா."

எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் முனீஸ்வரி தேடிப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. கூடலூரில் கதவு திறந்து கிடந்த அறை, கோம்பைப் பந்தியில் தன் உரிமையாளரின் பக்கத்து இலை வரை வந்து கூப்பிட்டிருக்கிறது. அவரே அதன் வாயைப் பொத்தச் சொல்லியிருக்கிறார்.

"நான் சொன்னா அணைச்சுருவியா? என் ரூம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக்கூடாதா?" என்றார் கோட்டைச்சாமி. பிறகு அந்தக் கேள்வியை அவரே கைவிட்டார். "சரி. இந்தப் பொண்ணு இங்கன இருக்கிற வரைக்கும்தான் உன் சாஃப்ட்வேரு என் ரூம்ல ஓடும். கம்ப்ளெய்ண்டு கிம்ப்ளெய்ண்டுன்னு கிளம்புனா, மொதல் சாட்சி நான்தான். என் வாயால என்ன வருமோ நீயே யோசிச்சுக்க."

"மாமா, நான்..."

"நீ உக்காரு." அவர் பாஜிலா பக்கம் திரும்பினார். "ஆத்தா, அந்த மணியை மறுபடி மாட்ட முடியுமா?"

"முடியும்ணே."

"டூப்ளிகேட்னு மெஷின் மறுபடி தாண்டிராதா?" என்றார் ஈஸ்வரபாண்டி. இன்று கற்றதை இன்றே காட்டிவிட வேண்டும் அவருக்கு.

"தாண்டாம வைன்னு இந்தத் தடவை சொல்லிட்டுத்தான் வைப்பேன் சார்," என்றாள் பாஜிலா.

"உன் பேர்லயே வை," என்றார் கோட்டைச்சாமி. எழுந்து வாசல் வரை போனவர் நின்றார். குரல் தாழ்ந்திருந்தது. "அப்புறம் ஆத்தா, நானே வந்து அணைன்னு சொன்னாலும் அணையாத மாதிரி வை."